கெப்ளர்-1625பி: அந்த நிலா இருக்கிறதா, இல்லையா?

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துவிட்டு மட்டும் போகிறவன். முதல் முறையாக ஓர் இழை தொடங்குகிறேன்.

2018 அக்டோபரில் வந்த செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் நிலா அகப்பட்டிருக்கலாம் என்றார்கள். கெப்ளர்-1625 என்று ஒரு விண்மீன், அதைச் சுற்றும் வியாழன் பருமனுள்ள கோள் (அதுதான் 1625பி), அந்தக் கோளைச் சுற்றும் நெப்டியூன் பருமனுள்ள நிலா. அன்றைக்கு ராத்திரியே மகளை மாடிக்குக் கூட்டிப்போனேன். வடக்கே, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சிக்னஸ் என்கிற அன்னம் இருக்கும் பக்கத்தைக் காட்டி "அங்கே ஒரு நிலா இருக்குதாம்" என்றேன். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள்: "அப்பா, நீங்க காட்டின நிலா கன்ஃபார்ம் ஆயிடுச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தேடினால் ஓரிடத்தில் இருக்கிறது என்கிறார்கள், இன்னோர் இடத்தில் இல்லை என்கிறார்கள், மூன்றாவது இடத்தில் 'இல்லை என்று சொன்னதுதான் தப்பு' என்று போட்டிருக்கிறது. அவளிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

ஒளிவளைவு எழுதியது:

மாடி அண்ணா, உறுதியாகவில்லை, ஒழிந்தும் போகவில்லை. இதுதான் சுருக்கமான பதில். நான் தொழில்முறை வானியலாளன் இல்லை. ஆனால் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை இறக்கி வரைந்து பார்ப்பதுதான் சில வருஷமாக என் ராத்திரி வேலை. இந்த விண்மீனை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை, அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

விண்மீன் சுமார் 8,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நிறையில் ஏறக்குறைய நம் சூரியன்தான், ஆனால் வயது கூட, பருத்துவிட்டது. ஆரம் சூரியனைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. கோள் அதை 287 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. நாம் இருக்கும் திசையிலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே போகிறது. 2004இல் வெள்ளி சூரியனைக் கடந்ததே, அதே மாதிரி. இங்கே ஒரு கடப்பு முடிய சுமார் 19 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் விண்மீனின் வெளிச்சம் ஆயிரத்தில் நாலு பங்கு போலக் குறையும். நமக்குத் தெரிவது அந்தச் சரிவு மட்டும்தான். கோளை யாரும் படம் எடுக்கவில்லை, நிலாவையும் எடுக்கவில்லை.

கெப்ளர் தொலைநோக்கி 2009 மார்ச்சில் கிளம்பி, 2013 மே மாதம் இரண்டாவது சமநிலைச் சக்கரம் பழுதாகும் வரை ஒரே வான்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை காலத்தில் இந்தக் கோளின் கடப்பு அதற்கு அகப்பட்டது மூன்றே முறை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் டீச்சி, டேவிட் கிப்பிங் இருவரும் சகாக்களோடு சேர்ந்து 284 கோள்களைச் சலித்தார்கள். கோளின் சரிவுக்கு முன்னாலோ பின்னாலோ சின்னதாக இன்னொரு சரிவு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. கடைசியில் கையில் நின்றது இந்த ஒன்றுதான். அடுத்த கடப்பை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி பார்க்க நேரம் கேட்டார்கள், கிடைத்தது. 2017 அக்டோபர் 28, 29 தேதிகளில் 40 மணி நேரம்.

அதில் இரண்டு விஷயம் அகப்பட்டது.

ஒன்று, கோள் கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கு 78 நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் மகளுக்குத் தட்டாமாலை சுற்றுவதை வைத்துச் சொல்லலாம். பெரியவர் ஒருவரும் குழந்தையும் கை கோத்துச் சுற்றினால் குழந்தை பெரிய வட்டம் போடும். ஆனால் பெரியவரும் நின்ற இடத்தில் நிற்பதில்லை, அவரும் சின்னதாக ஒரு வட்டம் போடுவார். சுற்றிக்கொண்டே இருவரும் வாசலைத் தாண்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பின்பக்கம் இருக்கும் நொடியில் பெரியவர் கொஞ்சம் முன்னே தள்ளி இருப்பார், வாசலுக்குச் சீக்கிரம் வந்துவிடுவார். குழந்தை தாமதமாக வரும்.

இரண்டாவது அதுதான். கோளின் கடப்பு முடிந்து மூன்றரை மணி நேரம் கழித்து வெளிச்சம் இன்னொரு முறை இறங்கியது. பத்தாயிரத்தில் ஐந்து பங்கு. கோள் முந்தி வந்தால் நிலா பிந்தி வரவேண்டும். அப்படியே வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறது என்பதால்தான் இன்று வரை இதை என்னால் விட முடியவில்லை.

தேன்மொழி எழுதியது:

ஒளிவளைவு அண்ணா, அந்த இரண்டாவது சரிவு இறங்கி மறுபடி மேலே ஏறியதா? முழுசாகப் பார்த்தார்களா?

ஒளிவளைவு எழுதியது:

இல்லை தங்கச்சி. மேலே ஏறுவதற்குள் 40 மணி நேரம் முடிந்துவிட்டது. ஹப்பிளின் நேரம் மாதக்கணக்கில் முன்னாலேயே பங்கு போடப்படுகிறது. நிலா எந்தப் பக்கம் இருக்கும், எவ்வளவு பின்னால் வரும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. இன்னும் சில மணி நேரம் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். 2019 மே மாதக் கடப்பும் ஹப்பிள் பார்க்காமலே போனது.

தராசு எழுதியது:

நண்பர் ஒளிவளைவு சொன்ன தகவல்கள் சரி. ஆனால் இது ஒரு தரப்பு. மறுதரப்பையும் மாடி ஐயாவின் மகள் கேட்க வேண்டும்.

ஹப்பிள் கொடுப்பது சுத்தமான கோடு கிடையாது. அது பூமியை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஒரு முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து விண்மீனை மறைத்துவிடும். அதனால் 40 மணி நேரம் என்பது 26 துண்டுகள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உணர்கருவியில் மின்னூட்டம் தேங்குவதால் வெளிச்சம் கொக்கி மாதிரி வளைந்து ஏறும். நடுவில் ஓரிடத்தில் ஒளி மட்டமே ஒரேயடியாகத் தாவுகிறது. இதற்கெல்லாம் மேல் மொத்தக் கோடும் மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது. இவ்வளவையும் நீக்கின பிறகுதான் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு என்ற அந்தச் சரிவு கண்ணில் படுகிறது. எதை, எப்படி நீக்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

2019இல் லாரா கிரைட்பெர்க் குழு அதே ஹப்பிள் படங்களை மூலத்திலிருந்து எடுத்துத் தாங்களே பதப்படுத்தினார்கள். கோள் சீக்கிரம் வந்தது அவர்களுக்கும் தெரிந்தது. நிலாவின் சரிவு தெரியவில்லை. அதே வருஷம் ஜெர்மனியில் ரெனே ஹெல்லர் குழு பார்த்தது. சரிவு அவர்களுக்குக் கிடைத்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுத்தாலும் இந்த நேர வித்தியாசம் வரும் என்றார்கள். ஒரே தரவு, மூன்று குழு, மூன்று பதில்.

நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2017இல் இந்த விண்மீன் மேல் சந்தேகம் வந்ததே கெப்ளரின் மூன்று கடப்பை வைத்துத்தான். அப்புறம் நாசா கெப்ளர் தரவைத் திருத்திப் புதிய பதிப்பு வெளியிட்டது. அதில் நிலாவுக்கான சான்று பெரும்பாலும் கரைந்துவிட்டது. டீச்சியும் கிப்பிங்கும் 2018 கட்டுரையில் அதைத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மையை மதிக்கிறேன்.

2023 டிசம்பரில் ஹெல்லரும் மைக்கேல் ஹிப்கேயும் மறுபடி வந்தார்கள். நிலாவே இல்லாத செயற்கைக் கடப்புகளைக் கெப்ளர் தரவுக்குள் செருகி, தேடும் நிரலை ஓடவிட்டார்கள். நூற்றில் பதினோரு முறை போல, நிலா இருப்பதாக நிரல் சொன்னது. இல்லாத நிலா!

விளிம்பு மங்கலும் இதில் ஒரு பெரிய விஷயம். இது பலருக்குப் புரிவதில்லை, நான் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். 2004 ஜூன் 8 வெள்ளிக் கடப்பின்போது நான் பள்ளி ஆசிரியர். சின்னத் தொலைநோக்கியிலிருந்து சூரியனின் பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்தோம். ஒரு சாண் அகலத்துக்கு வட்டம். பிள்ளைகள் எல்லோரும் கறுப்புப் பொட்டாக நகர்ந்த வெள்ளியைப் பார்த்தார்கள். ஒரு பையன் மட்டும் அட்டையை விரலால் தொட்டு, "சார், நடுவுல வெள்ளையா இருக்கு, ஓரத்துல பழுப்பா இருக்கு" என்றான். அதுதான் விளிம்பு மங்கல். விண்மீனின் முகம் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கியும் இருக்கும். மங்கிய ஓரத்தை ஒரு கோள் மறைத்தால் குறையும் வெளிச்சமும் குறைவு. ஆகவே சரிவின் வடிவமே இதைப் பொறுத்தது. கெப்ளர் பார்த்தது கண்ணுறு ஒளியில், ஹப்பிள் பார்த்தது அகச்சிவப்பில். இரண்டிலும் ஓரம் மங்கும் அளவு வேறு வேறு. அந்தக் கணக்கில் சிறு பிசகு வந்தாலும் சரிவின் ஓரம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தை நிலா என்று எடுத்துக்கொள்ள முடியும்.

என் தீர்ப்பு: கோள் உண்டு. நிலாவுக்குச் சான்று போதாது.

ஒளிவளைவு எழுதியது:

தராசு ஐயா, அட்டையில் பழுப்பைக் கண்ட அந்தப் பையனை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. விளிம்பு மங்கலை இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கெப்ளர் பதிப்பு விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு. மற்றவற்றுக்குப் பதில் இருக்கிறது.

போக்கை, அதாவது நீங்கள் சொன்ன அந்த மெல்லிய சாய்வை, நீக்குவது பற்றி. அரிசியில் கல் அரிக்கும்போது கை கொஞ்சம் வேகமாகப் போனால் கல்லோடு குருணையும் போய்விடும். எவ்வளவு வேண்டுமானாலும் வளையக்கூடிய ஒரு கோட்டை எடுத்துப் பொருத்தினால் அது நிலாவின் சரிவையும் சேர்த்து விழுங்கிவிடும். அப்புறம் நிலா இல்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. டீச்சி குழு 2020இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத்தான் காட்டினார்கள். ஆனால் கிரைட்பெர்க் குழுவின் முடிவு ஏன் மாறியது என்று தேடிப்போய், போக்கு நீக்கும் முறையால் இல்லை, படங்களிலிருந்து வெளிச்சத்தை அளந்தெடுத்த கட்டத்திலேயே இரண்டு குழுவும் பிரிந்துவிட்டன என்று கண்டார்கள். விண்மீனின் பிம்பம் உணர்கருவியில் சற்று இப்படியும் அப்படியும் நகர்வது மறுதரப்பின் அளவீட்டில் இரண்டு மடங்கு பெரிதாக இருந்ததாம். அதே கட்டுரையில் இந்த விண்மீன் ரொம்ப அமைதியானது, கரும்புள்ளிகளால் ஏறி இறங்கும் சுபாவம் இல்லாதது என்றும் காட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது சரிவைத் தற்செயலாக அந்த நேரம் பார்த்துக் கடந்த வேறொரு கோள் உண்டாக்கியிருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே.

2023 கட்டுரைக்கும் மறுப்பு வந்தது. ஹெல்லர், ஹிப்கேயின் தரவையே எடுத்துப் பொருத்திப் பார்த்தால் நிலாவின் சரிவு கிடைக்கிறது, அவர்களுடைய நிரல் சரியான தீர்வுக்குப் போய்ச் சேரவில்லை என்பது கிப்பிங் தரப்பின் வாதம். அந்த நிரல் கண்ட "சிறந்த நிலா" கோளின் அளவுக்கே பெரியதாக இருந்ததாம். யாருமே அப்படி ஒரு நிலாவைச் சொல்லவில்லையே.

நானும் 'இருக்கிறது' என்று சொல்லவில்லை ஐயா. கதவைச் சாத்தாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

தராசு எழுதியது:

கதவைச் சாத்தவில்லை தம்பி. நிலா ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஒவ்வொரு கடப்பிலும் அது வேறு இடத்தில் இருக்கும். எனவே இன்னொரு கடப்பை முழுசாகப் பார்த்து, நிலா இருக்கவேண்டிய இடத்தைக் கணித்துச் சொல்லி, அது அங்கே வந்தால் நம்புவேன். அதற்கு முன்னால் மாட்டேன்.

இளவேனில் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நெப்டியூன் அளவு நிலா என்றால் அதை நிலா என்றே சொல்லலாமா? இரட்டைக் கோள் இல்லையா? அதில் ஆள் இறங்க முடியுமா?

தராசு எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. இறங்கத் தரை கிடையாது. இரண்டுமே வாயுப் பந்துகள் என்றுதான் கணக்கு.

நிலா என்று சொல்வது சரிதான். அதன் நிறை கோளின் நிறையில் நூற்றில் ஒன்றரைப் பங்கு என்று கணித்தார்கள். நம் நிலா பூமியின் நிறையில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்று, அளவில்தான் பூதாகரம். சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய நிலாவான கானிமீடு 5,268 கிலோமீட்டர் விட்டம். இது நிஜமானால் பூமியைப் போல நாலு மடங்கு.

இவ்வளவு பெரிய நிலா எப்படி உருவாகும் என்பதுதான் இடிக்கிற இடம். வியாழனின் நிலாக்கள் அதைச் சுற்றியிருந்த வாயு, தூசித் தட்டிலிருந்து திரண்டவை. எல்லாவற்றையும் கூட்டினாலும் வியாழனின் நிறையில் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு போலத்தான் வரும். நெப்டியூன் அளவு நிலாவை அந்த வழியில் கட்டுவது கஷ்டம். நம் நிலா மோதலில் பிறந்தது, வாயுக் கோளில் அது நடக்காது. மிச்சம் இருப்பது பிடிபடுதல். நெப்டியூனின் டிரைட்டான் அப்படி வந்ததாகத்தான் நினைக்கிறார்கள், அது தலைகீழ்த் திசையில் சுற்றுகிறது. கெப்ளர்-1625பிக்கு 2019இல் பிராட்லி ஹான்சன் ஒரு வழி சொன்னார். தொடக்க காலத்தில் அருகருகே இரண்டு கோள்கள் வளர்ந்துகொண்டிருந்தன. ஒன்று சீக்கிரம் வாயுவை வாரிக்கொண்டு நிறை கூடிப்போனதும், பக்கத்தில் இருந்த சின்னது அதன் பிடிக்குள் விழுந்து நிலாவாகிவிட்டது. நடந்திருக்க முடியும். நடந்தது என்பதற்குத்தான் சான்று வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

நம்ப மாட்டேன் என்கிறவரே அது எப்படிப் பிறந்திருக்கும் என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்வது மனசுக்கு நிறைவாக இருக்கிறது ஐயா. இதே மாதிரி வேறு ஏதாவது அகப்பட்டிருக்கிறதா?

ஒளிவளைவு எழுதியது:

ஒன்று உண்டு. 2022 ஜனவரியில் கிப்பிங் குழு 70 குளிர்ந்த பெரிய கோள்களைத் தேடி, கெப்ளர்-1708பி என்ற கோளருகே இன்னொரு நிலாச் சாயலைக் கண்டது. பூமியைப் போல 2.6 மடங்கு பெரியது என்று கணக்கு. ஆனால் அந்தக் கோள் 737 நாளுக்கு ஒரு முறைதான் சுற்றுகிறது, கையில் இருப்பது கெப்ளர் கண்ட இரண்டே கடப்பு. சண்டையும் அதே சண்டைதான்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் களத்தில் இறங்கிவிட்டது. கெப்ளர்-167இ என்ற வியாழன் மாதிரிக் கோளின் கடப்பை 2024 அக்டோபரில் 60 மணி நேரம் போலத் தொடர்ந்து பார்த்தது. பூமியைச் சுற்றாமல் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்பதால் அதற்கு இடையில் பூமி வந்து மறைக்காது. தராசு ஐயா சொன்ன 26 துண்டுத் தொல்லை அங்கே இல்லை.

மாடி அண்ணா, உங்கள் மகளுக்குக் கணினி பழக்கம் உண்டா? கெப்ளர் தரவு முழுவதும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. மாஸ்ட் என்ற காப்பகத்தில் கே.ஐ.சி. 4760478 என்று தேடச் சொல்லுங்கள், அது இந்த விண்மீனின் பட்டியல் எண். பைத்தானில் லைட்கர்வ் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, பத்து வரி நிரலில் வரைந்துவிடலாம். எங்கே தடுக்கினாலும் இங்கே கேட்கட்டும்.

மொட்டைமாடி எழுதியது:

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இழை முழுவதையும் அவளிடம் படித்துக் காட்டினேன். தட்டாமாலையை வீட்டுக் கூடத்தில் சுற்றியே பார்த்துவிட்டோம், ஒரு நாற்காலி உடைந்தது.

தரவை இறக்க இரண்டு சாயங்காலம் ஆனது. நிரலில் தடுக்கின இடத்தில் என் அக்கா மகன் உதவினான். கணினித் திரையில் வந்ததோடு அவள் விடவில்லை. ஒரு கடப்பை மட்டும் எடுத்து வரைபடத்தாளில் பென்சிலால் புள்ளி வைத்தாள். அரை மணிக்கு ஒரு புள்ளி என்பதால் கடப்புக்குள் 39 புள்ளி வந்தது. நாலு தாள் ஒட்டவேண்டி வந்தது. கோளின் சரிவு கிண்ணம் மாதிரி அழகாக விழுந்தது. 8,000 வருஷத்துக்கு முன் கிளம்பின வெளிச்சம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் கிண்ணமாகக் கிடந்தது. சொல்லத் தெரியவில்லை எனக்கு.

கிண்ணத்தின் அடி தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதைப் பார்த்து "இதுதான் தராசு தாத்தா சொன்ன ஓரப் பழுப்பா?" என்று கேட்டாள். அப்புறம் கிண்ணத்துக்கு வெளியே அடிஸ்கேலை வைத்து, சேர்ந்தாற்போல் மூன்று புள்ளி கீழே இருப்பதைக் காட்டினாள். நிலாவா, இரைச்சலா (அளவீட்டின் வெறும் தற்செயல் ஆட்டமா) என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

தராசு எழுதியது:

ஓரப் பழுப்பேதான் கண்ணம்மா. நான் 2004இல் அட்டையில் பார்த்ததை நீ 8,000 ஒளியாண்டுக்கு அப்பால் பார்த்திருக்கிறாய்.

ஒளிவளைவு எழுதியது:

அண்ணா, மூன்று புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது. கெப்ளரில் இந்த விண்மீனின் ஒவ்வொரு தனிப் புள்ளியும் கிட்டத்தட்ட அந்த நிலாச் சரிவின் அளவுக்கே மேலும் கீழும் ஆடும். கடப்பே இல்லாத வேறொரு நாளை எடுத்து, அதே நீளத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அங்கேயும் சேர்ந்தாற்போல் மூன்று புள்ளி கீழே விழுகிறதா என்று எண்ணட்டும். ஒரு நாள் போதாது, பத்து நாளாவது எடுக்கட்டும். எண்ணிக்கையை இங்கே போடுங்கள், நானும் என் பக்கம் எண்ணி வைக்கிறேன்.

மொட்டைமாடி எழுதியது:

சொல்லிவிட்டேன். ஐந்தாவது நாளில் இருக்கிறாள். இதுவரை இரண்டு இடத்தில் விழுந்திருக்கிறது. தாள் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.